மேலெழுந்ததும் எஞ்சின் நின்றால்?

நான் சிறிய விமானம் ஓட்டக் கற்றுக் கொடுப்பவன் என்று தெரிந்ததும் காம்பாரில் என்னிடம் வரும் முதல் கேள்வி, சம்பளம் எவ்வளவு என்பது. அதைச் சிரித்துக் கடந்துவிடலாம். இரண்டாவது கேள்வியை அப்படிக் கடக்க முடிவதில்லை. "ஏறுன உடனே எஞ்சின் நின்னுட்டா என்னாங்க பண்ணுவீங்க?" மகனையோ மகளையோ விமானப் பயிற்சிக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோர், பிள்ளை பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து, தாழ்ந்த குரலில் இதைக் கேட்பார்கள்.

2025 ஜூன் 12-ஆம் தேதி அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் மேலெழுந்த சில நொடிகளில் விழுந்த பிறகு இந்தக் கேள்வி கூடிவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு பிப்ரவரியில் சிலாங்கூர் காப்பாரில் ஓர் இலகுரக விமானம் செம்பனைத் தோட்டத்தில் விழுந்து இருவர் மாண்டார்கள். அன்று காப்பாரைக் காம்பார் என்று படித்துவிட்டு என் சித்தப்பாமார் மூவர் அடுத்தடுத்து எனக்குப் போன் செய்தார்கள். இந்த இரண்டு விபத்துகளும் நான் இங்கே பேசப்போகும் வகையைச் சேர்ந்தவை அல்ல. அகமதாபாத்தில் விழுந்தது இரட்டை எஞ்சின் கொண்ட பெரிய ஜெட் விமானம். காப்பாரில் விழுந்தது சுபாங்கில் மேலெழுந்து ஏறக்குறைய அரை மணி நேரம் பறந்த பிறகு. பெற்றோர் கேட்பது அதுவல்ல. ஒரே ஒரு எஞ்சின், மூக்கில் ஒரு காற்றாடி, இரண்டோ நான்கோ இருக்கைகள், தரையை விட்டுக் கிளம்பி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த நேரத்தில் எஞ்சின் போனால் என்ன நடக்கும் என்பதுதான் அவர்கள் கேள்வி.

முதலில் ஓர் ஆறுதல். எஞ்சின் நின்றதும் விமானம் கல்லைப் போல விழுவதில்லை. பயிற்சிப் பள்ளிகளில் அதிகம் காணப்படும் செஸ்னா 172 வகை விமானம், எஞ்சின் இல்லாமலும் ஓர் அடி இறங்குவதற்குள் ஏறக்குறைய 9 அடி முன்னே போகும். காம்பாருக்கு மேல் 3,000 அடி உயரத்தில் பறக்கும்போது எஞ்சின் நின்றால், கையில் சுமார் 8 கிலோமீட்டர் தூரமும் நான்கு நிமிடமும் இருக்கும். இடம் தேடலாம், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கலாம், எஞ்சினை மறுபடி கிளப்பப் பார்க்கலாம், வானொலியில் உதவி கேட்கலாம். உயரம் என்பது விமானியின் கையிருப்புப் பணம் மாதிரி. மேலெழுந்த முதல் நிமிடத்தில்தான் அந்தப் பணம் கையில் இல்லை. 500 அடியில் நின்றால் முக்கால் நிமிடம் கிடைக்கும். 300 அடியில் அரை நிமிடம்கூட இல்லை.

100 அடி என்றால்? நடிகை சௌந்தர்யாவை நம் வீடுகளில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 'அருணாச்சலம்', 'படையப்பா' படங்களில் ரஜினியோடு நடித்தவர். 2004 ஏப்ரல் 17-ஆம் தேதி தேர்தல் பிரசாரத்துக்காகப் பெங்களூரு ஜக்கூர் விமானத் திடலிலிருந்து செஸ்னா 180 ஒன்றில் புறப்பட்டார். விமானம் 100 அடி உயரத்தை எட்டிய அளவில் விழுந்து தீப்பற்றியது. அவர், அவருடைய அண்ணன், உடன் வந்த இன்னொருவர், விமானி என நான்கு பேரும் மாண்டார்கள். அந்த விபத்தின் காரணத்துக்குள் நான் போகவில்லை. 100 அடி என்பது பத்து மாடிக் கட்டடத்தின் உயரம். அங்கே ஏதாவது தவறிப்போனால், என்ன செய்வது என்று அப்போது உட்கார்ந்து யோசிக்க நேரம் கிடையாது என்பதற்காகவே அதை நினைவுபடுத்துகிறேன்.

முதல் நான்கு நொடி

மேலேறும்போது விமானத்தின் மூக்கு வானத்தைப் பார்த்திருக்கும். எஞ்சின் நின்றால் அதே நிலையில் வேகம் மளமளவென்று குறையும். வேகம் ஓர் அளவுக்குக் கீழே போனால் இறக்கைகள் தூக்கும் சக்தியை இழந்துவிடும். இதற்கு 'ஸ்டால்' என்று பெயர். பலர் நினைப்பது போல ஸ்டால் என்பது எஞ்சின் நிற்பதல்ல. இறக்கை வேலையை நிறுத்துவது. எஞ்சின் நின்றும் பிழைத்தவர்கள் ஏராளம். தரைக்கு அருகே ஸ்டால் ஆகிப் பிழைத்தவர்கள் குறைவு.

ஆகவே முதல் வேலை, மூக்கைக் கீழே தள்ளுவது. கேட்க எளிது. ஆனால் தரை நம்மை நோக்கி வரும்போது அதே தரையை நோக்கி மூக்கைத் தள்ள உடம்பு ஒப்பாது. கை தானாகப் பின்னுக்கு இழுக்கும். புதிய மாணவர்களிடம் நான் சொல்லாமல் கொள்ளாமல் எஞ்சின் விசையைக் குறைத்தால், பெரும்பாலோர் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு கருவிகளைப் பார்ப்பார்கள், அதற்குப் பிறகுதான் கை முன்னே போகும். இதற்குள் மூன்று நான்கு நொடி ஓடியிருக்கும். இது அவர்கள் குறையல்ல. நடக்காது என்று நம்பிய ஒன்று நடக்கும்போது மனித மூளை எடுத்துக்கொள்ளும் நேரம் அது.

2009 ஜனவரி 15-ஆம் தேதி நியூயார்க்கில் பறவைக் கூட்டம் மோதி இரண்டு எஞ்சின்களும் போன ஏர்பஸ் விமானத்தைக் கேப்டன் சல்லன்பர்கர் ஹட்சன் ஆற்றில் இறக்கியது ஊரறிந்த கதை, படமாகவும் வந்தது. விசாரணையின்போது பாவனைக் கருவியில் வேறு விமானிகளை வைத்துப் பார்த்தார்கள். பறவை மோதிய கணமே திரும்பியவர்களில் சிலரால் ஓடுபாதையை அடைய முடிந்தது. நிலைமையைப் புரிந்துகொள்ள 35 நொடி கொடுத்துவிட்டுத் திருப்பச் சொன்னபோது அடைய முடியவில்லை. நிஜத்தில் யாருக்கும் அந்த நொடிகள் இலவசமாகக் கிடைப்பதில்லை.

திரும்பிப் போகும் ஆசை

எஞ்சின் நின்ற விமானிக்கு வரும் முதல் எண்ணம், புறப்பட்ட ஓடுபாதைக்கே திரும்பிவிடலாம் என்பது. இப்போதுதானே அங்கிருந்து வந்தோம், அங்கே தீயணைப்பு வண்டி இருக்கிறது, நண்பர்கள் இருக்கிறார்கள், விமானத்துக்கும் கீறல் விழாது. இந்த ஆசை பல உயிர்களைக் குடித்திருக்கிறது.

அமெரிக்க மத்திய வான்போக்குவரத்து நிர்வாகத்தின் பயிற்சி நூல் இதற்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறது. 300 அடியில் எஞ்சின் நிற்கிறது. விமானி சுதாரிக்க 4 நொடி. நொடிக்கு 3 டிகிரி வீதம் நிதானமாகத் திருப்பினால் 180 டிகிரி திரும்ப ஒரு நிமிடம் ஆகும். ஆனால் அவர் அப்போது ஓடுபாதைக்கு நேராக இருக்க மாட்டார். திரும்பிய வட்டத்தின் அகலத்தால் 4,200 அடி, அதாவது ஒன்றேகால் கிலோமீட்டருக்கும் மேல், பக்கவாட்டில் தள்ளி இருப்பார். ஓடுபாதையை நோக்க இன்னும் 45 டிகிரி திரும்ப வேண்டும். மொத்தம் 79 நொடி. நிமிடத்துக்கு 1,000 அடி வீதம் இறங்கும் விமானம் அதற்குள் 1,316 அடி இழந்திருக்கும். கையில் இருந்ததோ 300 அடி. அதாவது ஓடுபாதைக்கு ஆயிரம் அடி கீழே, மண்ணுக்குள்.

இன்னும் செங்குத்தாகச் சாய்த்து வேகமாகத் திருப்பினால் என்ன என்று கெட்டிக்கார மாணவர்கள் கேட்பார்கள். நேரம் மிச்சமாகும், உண்மைதான். ஆனால் சாய்க்கச் சாய்க்க இறக்கை சுமக்கும் பாரம் கூடும். ஸ்டால் ஆகும் வேகமும் கூடும். 45 டிகிரி சாய்த்தால் 19 விழுக்காடு கூடும், 60 டிகிரியில் 41 விழுக்காடு. எஞ்சின் இல்லாமல் வேகம் ஏற்கெனவே குறைவு, ஓடுபாதையோ தோளுக்குப் பின்னால் எட்டாமல் நழுவிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் கை இன்னும் கொஞ்சம் இழுக்கும். ஒரு பக்க இறக்கை சட்டென்று தொங்கும். 200 அடியில் அதிலிருந்து மீள வழியே இல்லை.

திரும்பவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2018-இல் அதே அமெரிக்க நிர்வாகம், எந்த உயரத்துக்கு மேல் திரும்பலாம் என்பதையும் பயிற்றுநர்கள் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. பாதுகாப்பான உயரத்தில் பலமுறை செய்து பார்த்து, இந்த விமானத்தில், இந்தச் சுமையில், எனக்கு எத்தனை அடி செலவாகிறது என்று தெரிந்து வைத்திருப்பவர் திரும்பலாம். என் மாணவர்களுக்கு நான் வைத்திருக்கும் கோடு 1,000 அடி. அதற்குக் கீழே என்றால் நேராக, அல்லது இடமோ வலமோ சற்றே விலகி, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இறக்க வேண்டும். சிலர் இதைக் கூடுதல் எச்சரிக்கை என்பார்கள். இருந்துவிட்டுப் போகட்டும்.

நடிகர் ஹாரிசன் ஃபோர்டு 2015 மார்ச் 5-ஆம் தேதி அமெரிக்காவின் சாந்தா மோனிக்காவில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ரயன் விமானம் ஒன்றில் மேலெழுந்ததும் எஞ்சின் சக்தி போய்விட்டது. உடனே திரும்புவதாகக் கோபுரத்திடம் சொல்லித் திருப்பினார். பாதி வழியில் எட்டாது என்று தெரிந்தது. ஓடுபாதையை விட்டுவிட்டுப் பக்கத்திலிருந்த கோல்ஃப் திடலுக்குப் போனார். மர உச்சியில் உரசி விழுந்து பலத்த காயம் பட்டார், உயிர் பிழைத்தார். கார்புரேட்டருக்குள் ஒரு சிறிய பாகம் கழன்றிருந்தது பின்னர் தெரியவந்தது. இதில் நான் மாணவர்களுக்குச் சுட்டிக்காட்டுவது அந்தப் பாகத்தை அல்ல. ஓடுபாதை கண்ணுக்குத் தெரிந்தபோதே அதைக் கைவிட அவருக்கு மனம் வந்ததே, அதைத்தான்.

கிந்தா பள்ளத்தாக்கில் எங்கே இறங்குவது?

புத்தகத்தில் 'நேராக முன்னே இறங்குக' என்று எழுதியிருக்கும். எழுதியவர்கள் பரந்த சோள வயல்களை மனத்தில் வைத்து எழுதியிருப்பார்களோ என்னவோ. ஈப்போ சுல்தான் அஸ்லான் ஷா விமான நிலையத்தின் ஓடுபாதை வடகிழக்கும் தென்மேற்குமாக ஓடுகிறது. சுற்றிலும் வீடமைப்புப் பகுதிகள், கடைவீடுகள், சாலைகள். ஒரு பக்கம் குனோங் ராப்பாட் சுண்ணாம்புக் குன்றுகள். அங்கிருந்து தெற்கே கோப்பெங் தாண்டிக் காம்பார் வரும்வரை கீழே பார்த்தால் நம் மாநிலத்தின் வரலாறே விரிந்து கிடக்கும்: ஈயம் தோண்டிய குட்டைகள், ஈயம் அலசிய வெள்ளை மணல் பரப்பு, ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டங்கள், வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை, மின்கம்பிகள்.

என் அப்பா ரப்பர் மரம் சீவியவர். காம்பார் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்த எனக்கு, விமானப் பயிற்சி நூலில் மரங்களைப் பற்றிய ஒரு பகுதியைப் படித்தபோது சிரிப்பு வந்தது. மரத்தின் மேல்தான் இறங்க வேண்டும் என்றாகிவிட்டால், குட்டையாக, நெருக்கமாக, தழை அடர்ந்து தரைக்கு அருகே படர்ந்த மரங்களைத் தேர்ந்தெடு; நெடிது வளர்ந்து உச்சியில் மட்டும் இலை மெலிந்திருக்கும் மரங்களைத் தவிர்; அவற்றின் நடுவே விழுந்தால் அடிமரம் வரை தடுக்க எதுவும் இருக்காது என்பது அதன் சாரம். தோட்டத்து ஆட்களுக்கு இதை மொழிபெயர்க்கவே வேண்டாம். இளஞ்செம்பனை பரவாயில்லை, முற்றிய ரப்பர் வேண்டாம்.

ஈயக் குட்டை எப்படி? மேலிருந்து பார்க்கக் கண்ணாடி போலத் தட்டையாக இருக்கும். சக்கரம் நீட்டிக்கொண்டிருக்கும் சிறிய விமானம் தண்ணீரைத் தொட்டதும் மூக்கு குத்திக் குப்புறக் கவிழ்ந்துவிடலாம். கரைக்கு அருகே, மிகக் குறைந்த வேகத்தில், கதவை முன்பே திறந்து வைத்துக்கொண்டு என்றால் செய்யலாம். குட்டை ஓரத்து மணல் பரப்பு கிடைத்தால் எனக்கு அது மேல். நெடுஞ்சாலை கடைசித் தேர்வு. வண்டிகளில் குடும்பங்கள் இருக்கின்றன, குறுக்கே மேம்பாலமும் கம்பியும் இருக்கின்றன. பள்ளித் திடல் நல்ல இடம்தான், பிள்ளைகள் இல்லாத நேரமாக இருந்தால்.

நீளமான இடம் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அதைவிட முக்கியம் மெதுவாகத் தரையைத் தொடுவது. வேகம் இரட்டிப்பானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் தொட்டு, புவியீர்ப்பைப் போல 9 மடங்கு விசையில் சீராக நின்றால், நிற்பதற்கு மூன்று மீட்டர் போதும். வார் போட்டு உட்கார்ந்திருக்கும் மனிதன் அதைத் தாங்கலாம். 160 கிலோமீட்டரில் தொட்டால் அதற்குப் பதினொரு மீட்டருக்கும் மேல் வேண்டும். வேலி, புதர், இறக்கை, மூக்கு எல்லாம் நசுங்கி அந்த மீட்டர்களைக் கொடுக்கட்டும். விமானத்தைக் காப்பாற்றும் எண்ணத்தை அந்த நேரத்தில் விட்டுவிட வேண்டும்.

பாதி உயிரோடு இருக்கும் எஞ்சின்

இதுவரை சொன்னது எஞ்சின் முழுதாக நின்றுவிடும் கதை. நான் அதிகம் அஞ்சுவது வேறொன்றுக்கு.

ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2000 முதல் 2010 வரை அந்நாட்டில் ஒற்றை எஞ்சின் விமானங்கள் மேலெழுந்ததும் நடந்தவற்றை எடுத்துப் பார்த்தது. எஞ்சின் முழுதாக நின்றவை 75. அவற்றில் ஒன்றில்கூட உயிர்ச்சேதம் இல்லை. எஞ்சின் நிற்காமல், சக்தி மட்டும் குறைந்தவை 242. அவற்றில் ஒன்பது உயிரைக் குடித்தன.

முதல்முறை படித்தபோது அச்சுப்பிழையோ என்று நினைத்தேன். பாதி எஞ்சினாவது இருக்கிறதே, அது நல்லதுதானே? யோசித்துப் பார்த்தால் காரணம் விளங்கும். செத்துப்போன எஞ்சின் விமானியை ஏமாற்றாது. மூக்கைத் தள்ளு, இடத்தைப் பார், இறக்கு என்று பயிற்சியில் செய்த வேலை தானாக நடக்கும். இருமிக்கொண்டும் குலுங்கிக்கொண்டும் ஓடும் எஞ்சின் நம்பிக்கை கொடுத்துக்கொண்டே இருக்கும். இதோ சரியாகிவிடும், ஒரு சுற்று சுற்றிவிடலாம், ஓடுபாதை அங்கேதானே இருக்கிறது. அந்த நம்பிக்கையில் மூக்கு மேலேயே இருக்கும், வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும், நல்ல இடங்கள் கீழே ஒவ்வொன்றாகக் கடந்து போகும். கடைசியில் எஞ்சின் நிற்பதும் திருப்பத்தின் நடுவே இறக்கை தொங்குவதும் ஒன்றாக நடக்கும்.

சீக்காளி வீட்டில் இருக்கும்போது நாம் செய்வதைப் போலத்தான். நேற்றைக்குக் கொஞ்சம் கஞ்சி குடித்தார் என்று சொல்லிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடுவோம்.

ஆகவே கேள்வியை மாற்றிக் கேட்கக் கற்றுத் தருகிறேன். எஞ்சின் ஓடுகிறதா என்று பார்க்காதே. இந்த எஞ்சினோடு, இந்த வேகத்தில், உயரம் குறையாமல் போக முடிகிறதா என்று பார். முடிந்தால் சாய்வு குறைவாக வைத்து, மெல்லத் திரும்பி, எந்த நொடியும் நிற்கும் என்ற நினைப்போடு இறங்கும் இடங்களுக்கு மேலாகவே பற. முடியாவிட்டால் அது நின்றுபோன எஞ்சின்தான். சத்தம் மட்டும் பாக்கி.

தரையிலேயே செய்ய வேண்டியவை

காரணங்களில் பல தரையிலேயே கண்டுபிடிக்கக் கூடியவை. நம் ஊர் ஈரக்காற்றில், பாதி காலியான தொட்டியில் இரவில் நீர் கோத்துக்கொள்ளும். தண்ணீர் எரிபொருளைவிடக் கனம், அடியில் தங்கும். காலையில் ஒவ்வொரு தொட்டியின் அடியிலிருந்தும் சிறிய கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்ப்பது அதற்காகத்தான். ஒரு பொறி உண்டு: குவளை முழுவதும் தண்ணீராக இருந்தால் தெளிவாக, சுத்தமாகத் தெரியும்; மாணவன் திருப்தியோடு கொட்டிவிடுவான். இந்த விமானங்களுக்கு ஊற்றும் பெட்ரோலுக்கு நீலச் சாயம் உண்டு. நிறத்தைப் பார், முகர்ந்து பார்.

தொட்டிக்குக் காற்றுப் போகும் சிறிய குழாயில் குளவி மண்கூடு கட்டியிருக்கலாம். அடைந்துவிட்டால் எரிபொருள் இறங்காது. பைப்பர் வகை விமானங்களில் இடத் தொட்டி, வலத் தொட்டி என்று மாற்றும் கைப்பிடி உண்டு. எஞ்சினைச் சோதித்த தொட்டியிலேயே மேலெழ வேண்டும். கடைசி நேரத்தில் மாற்றினால், குழாயில் மிச்சமிருக்கும் பழைய எரிபொருளில் விமானம் தரையை விட்டுக் கிளம்பும். புதுத் தொட்டியில் கோளாறு இருந்தால் அது காற்றில்தான் தெரியும்.

கேட்டால் நம்ப மாட்டார்கள், பேராக்கின் வெயிலில் எஞ்சினுக்குள் பனிக்கட்டி உண்டாகும். கார்புரேட்டரின் குறுகிய தொண்டையில் காற்று விரையும்போதும் பெட்ரோல் ஆவியாகும்போதும் வெப்பம் 30 டிகிரிக்கு மேல்கூடக் குறையலாம். ஈரம் அங்கேயே உறைந்து காற்று வழியை அடைக்கும். மழை விட்ட காலையில், மெதுவாக ஓடும் எஞ்சினோடு தரையில் வரிசையில் காத்திருக்கும்போது இது சத்தமில்லாமல் நடக்கும். ஓடுபாதைக்குள் நுழையுமுன் சூடான காற்றைத் திறந்து பார்க்கும் சோதனையைச் சடங்காகச் செய்பவர்கள் உண்டு. கோயிலில் கற்பூரத்தை ஒற்றிக்கொள்வது போல ஒரு தொடல், அவ்வளவுதான். எஞ்சின் தடுமாறிப் பிறகு சீராகிறதா என்று காத்திருந்து பார்க்க வேண்டும். தடுமாறினால் உள்ளே பனி இருந்திருக்கிறது என்று பொருள்.

இதெல்லாம் முடிந்து ஓடுபாதையின் முனையில் நிற்கும்போது, மாணவன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தமிழில் சொன்னாலும் எனக்குச் சம்மதம். ஓடும்போது கோளாறு தெரிந்தால் விசையை மூடுவேன், பிரேக் போட்டு நிற்பேன். மேலெழுந்த பிறகு, முன்னால் ஓடுபாதை மிச்சமிருந்தால் அதிலேயே இறக்குவேன். 1,000 அடிக்குக் கீழே என்றால் மூக்கைத் தள்ளுவேன், செஸ்னாவில் 70 நாட் வேகம் பிடிப்பேன், இன்று காற்று இடப்பக்கம் என்பதால் இடப்பக்க மணல் பரப்புக்குப் போவேன். பிறகு எரிபொருளை மூடுவேன், மின்சாரத்தை அணைப்பேன், கதவைத் திறந்து விடுவேன். பேச நேரம் இருந்தால் வானொலியில் 'மேடே' சொல்வேன். இதைச் சொல்ல 30 நொடி ஆகும். அந்த 30 நொடி காற்றில் கிடைக்காது. முடிவைத் தரையிலேயே எடுத்து வைத்துக்கொண்டால், மேலே போய் அதைச் செய்ய மட்டும் செய்யலாம்.

பணம் செய்யும் வேலை

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் பிள்ளைகளில் பலர் வீட்டை அடமானம் வைத்த பணத்தில் பறக்க வருகிறார்கள். அம்மாவின் நகை, அப்பாவின் இபிஎஃப் சேமிப்பு, அண்ணன் பெயரில் வங்கிக் கடன். மொத்தம் லட்சக்கணக்கான ரிங்கிட். ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. சோதனையில் ஒரு மேக்னெட்டோவை அணைத்ததும் எஞ்சின் கொஞ்சம் கூடுதலாகக் குலுங்குகிறது. இன்று வேண்டாம் என்று திரும்பினால் அந்த நேரம் போச்சு, அடுத்த வாய்ப்பு எப்போதோ, தேர்வு தள்ளிப்போகும். "பரவால்ல, ஓடும்" என்று சொல்ல வைப்பது துணிச்சல் அல்ல, வீட்டுக் கடன். விமானத்தைத் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்திய மாணவனை வீட்டில் யாரும் "காசு வீணா?" என்று கேட்டுவிடக் கூடாது.

பயணியாக ஏறுபவர்களுக்கும் சிறிது வேலை உண்டு. இடுப்பு வாரோடு தோள் வாரையும் இழுத்துப் போடுங்கள். ஃபோர்டின் விபத்தில், தோள் வார் பொருத்தப்பட்டிருந்த இடம் போதிய வலுவில்லாமல் போனது அவர் காயத்தைக் கூட்டியது என்று விசாரணை சொன்னது. கதவு எந்தப் பக்கம், எப்படித் திறக்கும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மேலெழும் அந்த இரண்டு நிமிடம் விமானியிடம் பேச வேண்டாம், படம் எடுக்கச் சொல்லி அவர் தோளைத் தட்டவும் வேண்டாம்.

பிள்ளையை அனுப்பும் பெற்றோர், பள்ளியின் கட்டடத்தையும் சீருடையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். மேலெழுந்ததும் எஞ்சின் நிற்கும் பயிற்சியை எத்தனை முறை செய்ய வைக்கிறீர்கள், பாதி சக்தி போகும் பயிற்சியும் உண்டா, மாணவன் விமானத்தில் குறை சொல்லித் திருப்பிக் கொண்டுவந்தால் கட்டணம் பிடிப்பீர்களா என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்று கவனியுங்கள். சேர்ந்து சில மாதம் ஆன பிறகு, ஒருநாள் சாப்பாட்டு மேசையில் பிள்ளையிடமும் சும்மா கேட்டுப் பாருங்கள்: 300 அடியில் எஞ்சின் நின்றுவிட்டது, என்ன செய்வாய்? சோற்றைப் பிசைந்துகொண்டே "மூக்கைக் கீழே தள்ளுவேன்" என்று தொடங்கினால் நீங்கள் நிம்மதியாகச் சாப்பிடலாம். "திரும்பி வந்துருவேன்பா" என்று சொன்னால், அடுத்த வாரம் ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அந்தப் பள்ளிக்குப் போய் வாருங்கள்.